கோடித் துணியில் மஞ்சள் வெளிச்சம்

போன மாதம் எங்கள் மலையில் மூஞ்சிக்கல் கடைத்தெருவில் கைப்பேசிக் கடை வைத்திருப்பவர் ஒரு புதிய போனைக் காட்டினார். இதன் திரைக்குப் பின்னால் தனியாக விளக்கு எதுவும் கிடையாது, திரையில் பூசியிருக்கும் சரக்கே எரிகிறது என்றார். அந்தச் சரக்கு செம்பு, ஈயம் போல உலோகம் இல்லையாம். இலை, வேர், எண்ணெய் எல்லாம் எந்த இனமோ அந்த இனமாம், கரி சேர்ந்த பொருளாம். மெல்லிசாகப் பூசிக் கரண்ட் கொடுத்தால் தானே வெளிச்சம் விடுமாம். நான் வாயைப் பிளப்பேன் என்று அவர் எதிர்பார்த்தார். நான் பிளக்கவில்லை. பூசின சரக்கு எரிவதை இந்த மலையில் முதலில் கண்டவன் நான். கண்டது மட்டுமில்லை, என் கையால் கலக்கிப் பூசியவனும் நான்தான். அவர்கள் சரக்குக்குள் கரண்டை விடுகிறார்கள், நான் சரக்கின்மேல் ஊதா வெளிச்சத்தை விட்டேன். எனக்குத் தெரிந்த வித்தியாசம் அவ்வளவுதான்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சைக்கிள் கடையில் பேட்டரி சார்ஜ் போடும் சோலியில் ஆரம்பித்து, எழுபதுகளின் கடைசியில் சொந்தமாக மைக் செட்டும் சீரியல் லைட்டும் வைத்துவிட்டேன். பண்ணைக்காட்டிலிருந்து போளூர் வரை கோயில் கொடையோ மாதா சப்பரமோ கல்யாணமோ, எது நடந்தாலும் என் பல்புதான் எரியும். மயிலும் வேலும் பல்பில் ஓடவிட்டிருக்கிறேன், மாதா தலையில் நட்சத்திரம் சுற்றவிட்டிருக்கிறேன். கீழே வத்தலக்குண்டிலிருந்து வந்த பெரிய செட்டுக்காரர்கள் மேலே வந்தால் குளிரில் குழல்விளக்கு பிடிக்காமல் விழிப்பார்கள். நான் குழலுக்குக் கம்பளி சுற்றிக் கணப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்து மாட்டுவேன். இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் மதுரையில் ஒரு நாடகக் கம்பெனி கலைந்தபோது அவர்கள் சாமான்களில் ஒரு கறுப்புக் குழல்விளக்கு கிடைத்தது. பார்த்தால் கரி அப்பிய கண்ணாடி மாதிரி இருக்கும். எரிந்தால் லேசாக ஊதா தெரியும், அறைக்கு வெளிச்சமே வராது. ஆனால் அதன் முன்னால் வெள்ளை வேட்டியைக் காட்டினால் வேட்டி பற்றிக்கொண்ட மாதிரி நீலவெள்ளையாக எரியும். பல்லைக் காட்டினால் பல்லும் எரியும். கடையின் ஷட்டரை இறக்கிவிட்டு முதல் முறை அதைப் பார்த்தபோது நான் செய்த முதல் காரியம் அந்த வருடத்துக் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு இதைக் கொண்டுபோவது என்று முடிவு செய்ததுதான்.

அந்த நாடகம் பூம்பாறைப் பக்கம் ஒரு சின்னக் கிறிஸ்தவக் கோயில் பங்கில் வருடாவருடம் நடப்பது. நான் அந்தக் கோயிலைச் சேர்ந்தவன் இல்லை, ஆனாலும் அந்த ஊர் விளக்கு முழுக்க என் பொறுப்பு. நாடகத்தை நடத்துவது பள்ளிக்கூடத்து சிஸ்டர். இடையர்கள், ராஜாக்கள், பச்சைப் பிள்ளைகளைக் கொன்ற ஏரோது எல்லாரும் பூண்டுக் காட்டில் வேலை செய்கிறவர்களும் ஜீப் ஓட்டுகிறவர்களும்தான். அதில் பெரிய வேஷம் வானதூதர் வேஷம். நாடகம் முழுக்க ஒரு கட்டம்தான் வரும் என்றாலும் ஊர்க்கண் அதில்தான் இருக்கும். அதுவரை அந்த வேஷம் பழைய குடும்பங்களுக்குள் முறை வைத்துப் போய்க்கொண்டிருந்தது. அந்த வருடம் விழாக் கமிட்டித் தலைவருடைய தம்பி மகளின் முறை. சிஸ்டர் முறையைப் பார்க்கவில்லை. குரலைப் பார்த்து ஒரு சிலோன் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்.

சிலோன் பிள்ளை என்றால், அங்கே தேயிலைத் தோட்டத்தில் இருந்து திரும்பி வந்து, இங்கே காட்டுக் குடியிருப்பில் கூலி வேலைக்கு நிற்கும் குடும்பத்துப் பெண். பதினாறு பதினேழு வயது இருக்கும். தகப்பன் வந்த கொஞ்ச காலத்தில் மார்ச்சளி கண்டு படுத்துவிட்டான், தாய் உருளைக்கிழங்குக் காட்டில் மண் அணைத்துக் குடும்பத்தை நடத்தினாள். அந்தப் பெண் பாடினால் குரல் கணீரென்று ஓடை தாண்டிக் கேட்கும். பழைய குடும்பங்களுக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் சிஸ்டரிடம் நேராகச் சொல்லவும் வாய் வரவில்லை. சொல்வதற்கு ஒரு சந்தர்ப்பத்தை என் விளக்கு கொடுத்துவிட்டது.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வானதூதர் உடுத்துவது கோடித் துணி. சின்னாளபட்டியிலிருந்து வரும் தறி வெள்ளையில் தைப்பார்கள். தண்ணீர் படக்கூடாது, வெளுப்புக்குப் போகக்கூடாது. உடுத்தப் போகிறவளின் தாய் நாலு மூலையிலும் மஞ்சள் தொட்டு வைப்பாள், பங்குச் சாமியார் மந்திரித்துக் கொடுப்பார். ஒருத்தி உடுத்திய பிறகு அதை இன்னொருத்தி உடுத்தக்கூடாது. திருநாள் முடிந்ததும் கிழித்துக் கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கும் குழந்தைக்கு விரிப்பாக்கிவிடுவார்கள். நல்ல வழக்கம்தான். அதில் எனக்கு ஒரு குறையும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஒத்திகை. பள்ளிக்கூடத்து ஹாலின் ஜன்னல்களை உருளைக்கிழங்குச் சாக்குகளால் மூடி இருட்டாக்கினோம். வேடிக்கை பார்க்கப் பாதி ஊர் வந்துவிட்டது. நான் மைக்கைப் பிடித்து, இந்த விளக்கு தானாக எதையும் காட்டாது, சுத்த வெள்ளை எதுவோ அதை மட்டும்தான் எரிய வைக்கும் என்று விளக்கம் சொன்னேன். அதில் பொய் எதுவும் இல்லை. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது அவ்வளவு.

குழல் எரிந்தது. இடையர்கள் வந்தார்கள். ஆள் தெரியவில்லை, வேட்டியும் துண்டும் மட்டும் நீலவெள்ளையாக நடந்து வந்தன. ஹாலே ஆவென்றது. ஏரோது வேஷம் போட்ட ஜீப் டிரைவர், தலைவருக்கு மருமகன் முறை. அவன் கறுப்பு அங்கி போட்டிருந்தான், ஆனால் கழுத்து வழியாக உள்பனியன் தகதகவென்று எரிந்தது. பின்னாலிருந்து ஒருவன், "ஏலே, ஏரோதுக்கே இம்புட்டு ஒளியா? மோட்சத்துல எடம் பத்தாதுலே," என்றான். சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று.

அடுத்தது வானதூதர். கிழங்குப் பெட்டிகளை அடுக்கி மேடை மாதிரி செய்திருந்தோம். அந்தப் பெண் கோடித் துணியோடு ஏறி நின்றாள். ஒன்றும் எரியவில்லை. குரல் வருகிறது, ஆள் இல்லை. பாடத்தை நிறுத்தாமல் சொல்லி முடித்தாள், அதற்கே அவளைப் பாராட்டவேண்டும். சொல்லி முடித்தபோது ஹாலில் சிரிப்பு இல்லை. குசுகுசுப்பு மட்டும் இருந்தது.

தலைவர் தன் தம்பி மகளைக் கூப்பிட்டு அதே இடத்தில் நிற்கச் சொன்னார். தம்பி மகள் போட்டிருந்த வெள்ளைத் தாவணி பளீரென்று பிடித்துக்கொண்டது. அவர் சிஸ்டர் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்.

"நாங்க ஒண்ணும் சொல்லல சிஸ்டர். லைட்டே சொல்லுதுல்ல. எல்லாத்தையும் ஒத்துக்கிட்ட வெளிச்சம் இந்தப் புள்ளய ஒத்துக்கலையே."

அவ்வளவுதான். சுத்த வெள்ளை என்று நான் துணியைச் சொன்னது, சுத்தம் என்று பிள்ளைக்குப் போய்விட்டது. கடல் தாண்டி வந்தவர்கள், என்ன சாப்பிட்டார்களோ, எப்படி இருந்தார்களோ என்று பெண்கள் பக்கம் பேச்சு கிளம்பியது. சிஸ்டர் முகம் சிவந்துவிட்டது. கடைசி ஒத்திகை வரை பொறுங்கள், அப்போதும் இப்படியே இருந்தால் வேஷத்தை மாற்றுவதைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லி நிறுத்தினார். தனியாக என்னிடம் வந்து, இந்த விளக்கு இல்லாமலே நாடகத்தை நடத்திவிடலாமே என்றும் கேட்டார். விளக்கை எடுத்தால் நாடகம் நடக்கும், பேச்சு நிற்காது சிஸ்டர் என்றேன். அது உண்மை. அதோடு என் விளக்கை மூட்டை கட்டிக்கொண்டு போக எனக்கும் மனசில்லை.

துணியை மாற்றிக் கட்டிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் விடை தெரிந்திருக்கும். தம்பி மகள் கோடியைக் கட்டி நின்றால் அவளும்தான் இருட்டாயிருப்பாள். ஆனால் ஒருத்தி உடுத்திய கோடியை இன்னொருத்தி உடுத்தக்கூடாது. சிலோன் பெண்ணுக்கு வெளுத்த துணி ஏதாவது கட்டிவிடலாம் என்றால் வானதூதர் கோடியைத் தவிர வேறு உடுத்தக்கூடாது. எந்தப் பக்கம் போனாலும் வழக்கம் குறுக்கே நின்றது.

ஆனால் ஒத்திகை கலையும்போது ஒன்று பார்த்தேன். குழல் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. மகளைக் கூட்டிக்கொண்டு போக சிலோன் பெண்ணின் தாய் முன்னால் வந்தாள். அவள் கழுத்தில் ஒரு மஞ்சள் கோடு எரிந்தது. தாலிக்கயிறு. சங்கிலி போட வசதியில்லாததால் மஞ்சள் பூசிய கயிற்றிலேயே கட்டியிருந்தாள். பக்கத்தில் தலைவர் சம்சாரம் நின்றார், அவர் கழுத்தில் கட்டிச் சங்கிலி, அது இருட்டு. பிறகு குனிந்து பார்த்தால் அந்தப் பெண்ணின் அங்கி மூலையில், மஞ்சள் தொட்ட இடத்தில், சின்னதாக ஒரு பச்சைமஞ்சள் பொட்டு. மின்மினி உட்கார்ந்த மாதிரி. மற்ற எல்லாரும் வேட்டியைப் பார்த்தார்கள், நான் இதைப் பார்த்தேன். என் தொழிலில் நான் நிலைத்து நின்றதற்கு இந்தக் கண்தான் காரணம்.

மறுநாள் வெள்ளனே குடியிருப்புக்குப் போனேன். அவர்கள் அதை லயம் என்றுதான் சொல்வார்கள். தாய் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அங்கி தைத்து மிஞ்சிய துண்டுத் துணியும், அவள் வீட்டு மஞ்சளும் கொஞ்சம் வேண்டும் என்றேன். எடுத்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"எல்லாரும் கதைக்கிறாங்க அண்ணே. அங்கயிருந்து எங்கள அனுப்புனப்பயும் ஏன்னு யாரும் சொல்லல. இதுக்காவது என்ன காரணம்னு கேட்டுச் சொல்லுங்க."

மகள் உள்ளே இருந்து வெளியே வரவில்லை. பாடமும் சொல்லிப் பார்க்கவில்லையாம். வேஷம் வேண்டாம் என்று தானே சிஸ்டரிடம் சொல்லிவிடப் போவதாகச் சொன்னாளாம். கடைசி ஒத்திகை வரை வாயைத் திறக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கடைக்கு வந்து ஷட்டரை இறக்கினேன். அந்தத் தறித் துணியைக் கைக்குட்டை அளவில் கிழித்து ஒவ்வொன்றையும் ஒவ்வொன்றில் நனைத்துக் காயவைத்துக் குழலுக்கு முன்னால் பிடித்தேன். வெறும் துணி இருட்டு. கட்டி சோப்பு போட்டது இருட்டு. சொட்டு நீலம் போட்டால் பிரமாதமாக எரியும் என்று நினைத்தேன், அதுவும் இருட்டு. கஞ்சி போட்டது இருட்டு. மளிகைக் கடையில் சட்டை வெளுப்புக்குப் பொட்டலமாக விற்கும் பொடியைக் கரைத்து நனைத்ததும் துணி தீயாகப் பிடித்தது. ஆக, எரிந்தது வெள்ளை இல்லை. வெள்ளையின்மேல் இருந்த பொடி. வேட்டிக்காரன் யோக்கியனோ அயோக்கியனோ, அவன் வேட்டியை வெளுத்தவர் அந்தப் பொடியைப் போட்டிருந்தால் எரியும். ஏரோது பனியன் எரிந்த ரகசியமும் அதுதான். தண்ணீரே படாத கோடியில் அந்தப் பொடி எங்கிருந்து வரும்?

காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் காரணத்தைச் சொல்லி யார் கேட்பார்கள்? பொடியில் நனைத்தால் கோடி போய்விடும். கோடியைத் தொடலாம் என்று வழக்கமே அனுமதித்த பொருள் ஒன்றே ஒன்றுதான், மஞ்சள்.

மஞ்சளைத் தண்ணீரில் குழைத்துப் பூசினேன். திட்டுத் திட்டாக மங்கலாகத் தெரிந்தது. மஞ்சள் தண்ணீரில் கரையாது, கீழே தங்கிவிடும் என்று சமைக்கிறவர்களுக்குத் தெரியும். யோசித்தேன். பெட்ரோமாக்ஸ் பற்றவைக்கும் ஸ்பிரிட் என் கடையில் எப்போதும் கிடக்கும். அதில் மஞ்சளைப் போட்டுக் குலுக்கி வைத்து, தெளிவை மட்டும் வேட்டித் துணியில் வடிகட்டினேன். வடிகட்டிய பாட்டிலைக் குழலுக்கு முன்னால் காட்டினேன். பாட்டிலே பச்சைமஞ்சளாக எரிந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது, பொய் சொல்லவில்லை. துணியில் பூசிக் காய்ந்த பிறகு கொஞ்சம் அடங்கியது, ஆனால் சீராக, ஒரே மாதிரி எரிந்தது. வேட்டி எரிகிற நீலவெள்ளை இல்லை. இளம் வாழைக்குருத்தில் வெயில் பட்ட மாதிரி ஒரு நிறம். இந்தச் சரக்கு வெயிலுக்கு ஆகாது என்பதையும் கண்டுகொண்டேன். ஒரு துண்டை ஷட்டருக்கு வெளியே காயப்போட்டிருந்தேன், சாயங்காலத்துக்குள் வெளுத்துப் பாதி வெளிச்சம் போயிருந்தது. அதனால் அங்கியை நிழலில் காயவைத்து, கறுப்புத் துணியில் சுற்றி வைக்கவேண்டும் என்று முடிவு செய்தேன்.

கடைசி ஒத்திகைக்கு முன்னால் சிஸ்டர், தலைவர், அந்தத் தாய் மூவரையும் ஹாலில் வைத்துச் சொன்னேன். முதலில் தலைவருடைய சொந்த வேட்டி நுனியைக் குழலுக்கு முன்னால் காட்டி, பிறகு சலவைக்குப் போகாத புதுத் துண்டு ஒன்றைக் காட்டி, எரிவது பொடி என்று விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டார். ஆனால் விடவில்லை. பொடியோ எதுவோ, இந்தப் பிள்ளை இருட்டாகத்தானே நிற்கும் என்றார். அப்போதுதான் மஞ்சள் பாட்டிலை எடுத்தேன். அங்கி முழுக்க இதைப் பூசிவிடலாம், இதில் சொட்டுத் தண்ணீர் கிடையாது, கோடியும் கெடாது என்றேன்.

தலைவர் சிரித்தார். "மஞ்சத் துணியா? இது வானதூதரா, மாரியாத்தாவுக்கு நேந்துகிட்ட புள்ளயா? கோடிக்கு மூலையில தொட்டு வைக்கிறதுதாங்க வழக்கம். முழுசாப் பூசுறதுன்னு எங்கயும் கெடையாது."

நான் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டேன். அந்தத் தாய் அதுவரை கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றிருந்தாள். அவள்தான் பேசினாள்.

"எங்க தோட்டத்துல கோடிய மஞ்சள்ல முழுசா முக்கித்தாங்க உடுத்துவோம். என் கல்யாணத்துக்கும் அப்படித்தான், அங்க மாதா கோயில்ல சாமியார் முன்னாடிதான். தாய் தொட்டா கோடிதான? எம்புட்டுத் தொடணும்னு யாரு அளந்து வச்சா?"

தலைவர் சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் அந்தத் தாயைப் பார்த்தார். பிறகு, மேடை இருட்டாகத்தான் இருக்கப்போகிறது, விளக்கு எரியும்போதுதான் நிறம் தெரியும், தாய் கையால் பூசட்டும் என்று சொல்லிவிட்டார். அந்த அம்மாள் சரியான நேரத்தில் பேசினாள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஸ்பிரிட்டில் கரைக்கவேண்டும் என்பது என் மூளைதான்.

அன்றே நான் பாட்டிலைப் பிடிக்க, தாய் தன் கையாலேயே அங்கி முழுக்கத் தடவினாள். ஸ்பிரிட் வாடையில் அவளுக்கு இருமல் வந்தது, நிறுத்தவில்லை. மகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். குழலைப் போட்டுக் காட்டினேன். தாயின் இரண்டு உள்ளங்கையும் எரிந்தன. அதைப் பார்த்துத்தான் அந்தப் பெண் முதல் முறையாகச் சிரித்தாள். "அம்மா, உங்க கை மட்டும் தனியா நிக்குது," என்றாள். பிறகு பாடத்தைச் சொல்லிப் பார்க்க ஆரம்பித்தாள்.

நாடகத்தன்று நல்ல பனி. பொழுது சாய்ந்ததும் ஆட்டம் ஆரம்பம். மலையில் அந்த நேரத்தில் வோல்டேஜ் இறங்கிவிடும். குழல் கண்சிமிட்டியது, பிடிக்கவில்லை. என் கழுத்து மப்ளரைச் சூடு பண்ணிக் குழலின் இரண்டு முனையிலும் சுற்றி வைத்திருந்து, ஸ்டார்ட்டரை மாற்றிப் போட்டேன். பிடித்துக்கொண்டது. இடையர் வேட்டிகள் நடந்து வந்தன. ஏரோது இந்த முறை பனியன் போடாமல் வந்து குளிரில் நடுங்கியதால், ராஜா கோபத்தில் நடுங்குகிறார் என்று ஜனம் நினைத்துக்கொண்டது.

அப்புறம் இருட்டில் அவள் பெட்டிமேல் ஏறினாள். கறுப்புத் துணியை விலக்கினாள். கீழே இருந்தவர்கள் எல்லாம் நீலவெள்ளை, அவள் ஒருத்தி மட்டும் மஞ்சள். முகத்திலும் கையிலும் மஞ்சள் பூசிக் குளித்திருந்ததால் முகமும் தெரிந்தது, மற்றவர்களுக்கு முகமே இல்லை. பயப்படவேண்டாம், உங்களுக்கு நல்ல செய்தி கொண்டுவந்திருக்கிறேன் என்கிற பொருளில் வரும் அந்த வசனத்தைச் சொன்னாள். சிலோன் இழுவை அப்படியே இருந்தது. அதை மாற்றச் சொல்லி யாரும் பிறகு கேட்கவில்லை.

குழலைக் கொஞ்சம் சாய்த்து மாட்டியிருந்ததால் வெளிச்சம் முன்வரிசைப் பெண்கள்மேலும் விழுந்தது. கூலிக்காரப் பெண்கள் கழுத்தில் எல்லாம் மஞ்சள் கோடுகள் எரிந்தன. தலைவர் சம்சாரம் அந்தக் கோடுகளைப் பார்த்தார், தன் சங்கிலியைத் தொட்டுப் பார்த்தார், முந்தானையை இழுத்து மூடிக்கொண்டார். ஒருவேளை குளிராகவும் இருக்கலாம்.

நாடகம் முடிந்து ஒயர் சுற்றிக்கொண்டிருந்தபோது தலைவர் வந்தார். நல்லா இருந்துச்சு என்று என்னைப் பார்க்காமல் ஒயரைப் பார்த்துச் சொன்னார். பிறகு, "அடுத்த வருசம் தம்பி மகளுக்கும் இதே மஞ்சள் போட்டுருவீகல்ல?" என்றார். அதை சிஸ்டரிடம் கேளுங்கள், என் சோலி விளக்கு போடுவது என்றேன். சிஸ்டரிடம் கேட்டாரா என்று தெரியாது. அந்தச் சிலோன் பெண் கல்யாணமாகிப் போகும் வரை வானதூதர் வேஷம் அவளிடம்தான் இருந்தது. அதற்குப் பிறகுதான் தம்பி மகள் பக்கம் போயிற்று. அப்போது கோடிக்கு மஞ்சள் பூச அந்தச் சிலோன் அம்மாளைத்தான் கூப்பிட்டார்கள். அளவு தெரிந்த கை என்று சொல்லித்தான் கூப்பிட்டார்கள்.

அந்தக் கறுப்புக் குழல் ரொம்ப காலம் முன்பே உயிரை விட்டுவிட்டது. அதே மாதிரி இன்னொன்று எனக்குக் கிடைக்கவில்லை. இப்போது அங்கே சாதாரண வெளிச்சத்தில்தான் நாடகம் நடக்கிறது. இருந்தாலும் வானதூதர் இன்றைக்கும் மஞ்சள் அங்கியில்தான் வருகிறார். இரண்டு வருடம் முன்பு போயிருந்தபோது, ஏன் மஞ்சள் என்று பக்கத்திலிருந்த ஒருவரிடம் ஒன்றும் தெரியாதவன் மாதிரி கேட்டேன். அது எங்க பங்குல ஆதியிலேருந்து உள்ள வழக்கமுங்க என்றார். சரி என்று சொல்லிக் கேட்டுக்கொண்டேன். ஸ்பிரிட் வாடை மட்டும் அந்த அங்கியில் இப்போது இல்லை.